நாற்பத்தொன்றாம் பாட்டில்

திருவொற்றியூரில் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றின் லேப்பில் சில்வியா பதினோரு வருடமாக வேலை பார்த்து வந்தாள். இரும்பை இழுத்துக் கம்பியாக்குவதற்கு முன் அதன் மேலிருக்கும் துருவை எடுத்தாக வேண்டும். அதற்காக நான்கு தொட்டிகளில் ஆசிட் நிரப்பி, கிரேனில் தொங்கும் சுருள்களை அதில் முக்கி எடுப்பார்கள். துருவைத் தின்னத் தின்ன ஆசிடின் வீரியம் குறையும். தொட்டியின் அடியில் பச்சையும் பழுப்புமாகச் சேறு படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிடை வடித்துவிட்டு, தண்ணீர் நிரப்பி மூன்று தடவை அலசி, ஆள் இறங்கி அந்தச் சேற்றை வாரிப் போட வேண்டும். ஆள் இறங்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் சில்வியா.

அவள் அதைக் கண்டுபிடிக்கும் விதம் எளியது. அலசிய தண்ணீரில் பத்து மில்லி எடுத்துக் குடுவையில் விடுவாள். மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு போட்டதும் அது சிவக்கும். மேலே ஸ்டாண்டில் நிற்கும் நீளக் கண்ணாடிக் குழாயில், அதைப் பியூரெட் என்பார்கள், வீரியம் தெரிந்த காரக் கரைசல் இருக்கும். ஒரு கையால் திருகைத் திறந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே மறு கையால் குடுவையைச் சுழற்ற வேண்டும். காரம் ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமாக முறிக்கும். ஆசிட் முழுக்க முறிந்துபோகும் அந்த ஒரு சொட்டில் சிவப்பு மஞ்சளாகும். எத்தனை மில்லி காரம் செலவானது என்று குழாயில் பார்த்தால் தண்ணீரில் எவ்வளவு ஆசிட் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்து மில்லிக்கு மேல் போனால் மறுபடியும் அலச வேண்டும். பத்துக்குள் நின்றால் பர்மிட்டில் கையெழுத்துப் போடுவாள். ஆட்கள் முட்டிவரை வரும் ரப்பர் கம்பூட் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

அந்தக் காரக் கரைசலைத் தயாரிப்பது ரேச்சலின் வேலை. லேப்பில் இரண்டு காரம் உண்டு. ஆசிட் தொட்டியின் முழு வீரியத்தைப் பார்ப்பதற்குப் பெரிய காரம்; அலசிய தண்ணீரைப் பார்ப்பதற்குச் சின்னக் காரம். பெரியதன் வீரியம் சின்னதைப் போலப் பத்து மடங்கு. பார்வைக்கு இரண்டும் தண்ணீர் மாதிரிதான், கலரும் கிடையாது வாசனையும் கிடையாது. குழப்பம் வரக்கூடாது என்பதற்காகப் பெரிய காரத்தை அலமாரியில் பூட்டி வைப்பார்கள். சாவி ரேச்சலின் கொத்தில் இருக்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நம்பர் எழுதி ஒட்டுவதும் அவள்தான். அவள் எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும்.

இருவரும் ராயபுரத்துக்காரர்கள். ஒரே கோயிலில் பூசை பார்ப்பார்கள், ஒரே ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வருவார்கள், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து இரண்டு பேரும் இரண்டிலிருந்தும் சாப்பிடுவார்கள். சில்வியாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. இரண்டாவது முறை ஐந்தாவது மாதம். அதன்பிறகு ராத்திரி தூக்கம் வராமல் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறாள் என்பது அவள் புருஷன் சிலுவைமுத்துவுக்கே தெரியாது. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன், ஏற்கெனவே மனசு உடைந்து கிடந்தவன், அவனிடம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டாள். ரேச்சலிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் மூன்றாம் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஏற்றுமதிச் சுருள்கள் சனிக்கிழமைக்குள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும் என்று மேனேஜர் ரவிக்குமார் முதல்நாளிலிருந்தே லேப் வாசலில் நின்று நின்று போனார். அவருக்குச் சில்வியாவைக் கண்டால் ஆகாது. முந்தின வருடம் இரண்டு தடவை பன்னிரண்டு மில்லி, பதினொன்றரை மில்லி என்று சொல்லிப் பர்மிட் தராமல் திருப்பி அனுப்பியிருந்தாள். "அந்தம்மா கையில பியூரெட்டைக் குடுத்தா பிளான்ட்டே நின்னுடும்" என்று கேன்டீனில் அவர் சொன்னதாக அவள் காதுக்கும் வந்தது.

பத்து மணிக்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் வந்தது. ரேச்சல் நாற்பத்தொன்று என்று நம்பர் போட்ட சின்னக் காரப் பாட்டிலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

"நான் ரொப்பித் தரட்டா?" என்றாள்.

"வச்சுட்டுப் போ, நானே பாத்துக்கறேன்."

சில்வியா பியூரெட்டைக் கழுவினாள், காரத்தால் ஒருமுறை அலசினாள், நிரப்பினாள். மூன்று முறை செய்து பார்த்தாள். 9.2, 9.2, 9.3. பத்துக்குள்தான். படிவத்தில் பாட்டில் நம்பரை எழுதி, அளவை எழுதி, மிச்சத் தண்ணீரை மாதிரிப் பாட்டிலில் ஊற்றி அரக்கு வைத்துப் பாதுகாப்பு அறைக்கு அனுப்பினாள். எப்போதும் செய்வதுதான்.

தொட்டி ஓரத்தில் கான்ட்ராக்ட் ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் வல்லரசு முகத்துவாரக்குப்பத்துக்காரன். ஆற்று வாயில் மீன் கிடைக்காத மாதங்களில் இந்த மாதிரி வேலைக்கு வருவான். மற்றவர்கள் மேஸ்திரியைப் பார்த்துக் கேட்பார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் சில்வியாவைப் பார்த்துத்தான் கேட்பான்.

"எறங்கலாமா யக்கா?"

"எறங்கு தம்பி. ஒம்பது சில்லறைதான் கீது. ஒண்ணும் ஆவாது."

"நீ சொன்னா சரி" என்று எழுந்து கம்பூட்டை மாட்டிக்கொண்டான்.

ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகியிருக்கும். தொட்டிப் பக்கமிருந்து கத்தும் சத்தம் கேட்டு லேப்பிலிருந்து எல்லோரும் ஓடினார்கள். வல்லரசின் வலது கம்பூட்டில் கணுக்காலுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்திருக்கிறது. முதலில் அரித்ததாம். பிறகு சுட்டதாம். வெக்கைதான் என்று நினைத்து வேலையைப் பார்த்திருக்கிறான். தாங்க முடியாமல் ஏணியில் ஏறும்போது கால் ஊன்ற வரவில்லை. மேலே தூக்கிப்போட்டுக் கம்பூட்டைக் கழற்றியபோது உள்ளே சாக்ஸோடு தோலும் சேர்ந்து வந்தது. குழாயைத் திறந்து காலில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். வல்லரசு கத்துவதை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் சில்வியாவைத் தேடிப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான்.

அன்று மாலை ரேச்சல்தான் சில்வியாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"மூணு தபா பாத்தேன் ரேச்சல். மூணு தபாவும் ஒம்பதுதான்."

"கை தவறுறது சகஜம்டீ. நீ வேணும்னா செஞ்சே? மனசப் போட்டு ஒயப்பிக்காத."

"தவறல."

"சரி, தவறல. தூங்கு மொதல்ல."

மறுநாள் சில்வியா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வல்லரசு மருந்து மயக்கத்தில் கிடந்தான். கால் முழுக்கக் கட்டு. பெஞ்சில் அவன் பெண்டாட்டி மங்கம்மா உட்கார்ந்திருந்தாள். சில்வியா தான் யார் என்று சொன்னதும் மங்கம்மா அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கையெய்த்துப் போட்ட கை இதானா?"

சில்வியா தலையை ஆட்டினாள்.

"வூட்டுக்கு வந்தா உன்னப் பத்தித்தான் பேசுவான். லேப்புல ஒரு அக்கா கீது, மேனேஜருக்கே அடங்காது, அது ஓகேன்னு சொன்னா கண்ண மூடிக்கினு எறங்கலாம்னு. அப்படித்தான் எறங்கிக்கீறான் போல."

கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வசவுகூட வரவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று சில்வியாவுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை அவளைச் சஸ்பெண்ட் செய்து மெமோ வந்தது. கவனக்குறைவாகச் சோதனை செய்து, தவறான அளவின் பேரில் பர்மிட் கொடுத்து, தொழிலாளிக்குக் காயம் ஏற்படக் காரணமாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். கூடவே சாட்சிகளின் வாக்குமூல நகல் இணைத்திருந்தார்கள். மேஸ்திரியுடையது அரைப் பக்கம். அடுத்தது ரேச்சலுடையது, ஒன்றரைப் பக்கம். அந்த அச்சு மாதிரியான எழுத்து.

சில்வியா அதை அடுப்படியில் நின்றபடி படித்தாள். சம்பவத்தன்று கொடுக்கப்பட்ட கரைசல் சரியான வீரியத்தில் இருந்தது. அன்று பெரிய காரம் இருக்கும் அலமாரி திறக்கப்படவே இல்லை. திருமதி சில்வியா குழந்தை இழப்புக்குப் பிறகு மனநிலை சரியில்லாமல் இருக்கிறார். தூக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார். காலை வேளைகளில் கை நடுங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசி வரியை நாலைந்து தடவை படித்தாள். அவள் கை நடுங்கியதே இல்லை.

சிலுவைமுத்து ஷிஃப்ட் முடிந்து வந்து, மேசைமேல் கிடந்த தாளை எடுத்துப் படித்தான். படித்து முடித்துச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"மாத்திரை இன்னா மாத்திரை?"

சொன்னாள்.

"எத்தினி நாளா?"

"எட்டு மாசம்."

"என்னாண்ட சொல்லல. அவளாண்ட சொன்னியா?"

அவன் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சாப்பாடு வைக்கச் சொன்னான். பாதி சாப்பிட்டதும், "வக்கீலு கிக்கீலு பாக்கணுமா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில்தான் சில்வியாவுக்கு அழுகை வந்தது.

அப்போதும் ரேச்சல் அவளை ஏமாற்றிவிட்டாள் என்று சில்வியா நினைக்கவில்லை. பயந்து எழுதியிருக்கிறாள், மேனேஜர் மிரட்டி எழுதி வாங்கியிருப்பார், அவள் வேலை பர்மனென்ட் ஆகவில்லையே, பதினோரு வருடமாகக் கான்ட்ராக்டில்தானே இருக்கிறாள் என்று அவளுக்காகத் தானே காரணம் தேடினாள். போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளைக் காணவில்லை.

யூனியன் ஆள் பக்ருதீன் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசு அதிகாரி ஒரு அம்மா என்கொயரிக்கு வருகிறார் என்றார்.

"உன் பக்கம் சொல்றதுக்கு இன்னா கீதும்மா?"

"மாதிரிப் பாட்டில் கீது பாய். அன்னிக்கு அரக்கு வச்சு அனுப்புனது. அத ஒடைச்சு எல்லாரு முன்னாடியும் நானே மறுபடி பாக்கறேன். ஒம்பது மில்லிதான் வரும். என் கை நடுங்கிச்சா இல்லையான்னு அப்பத் தெரியும்."

"வரலேன்னா?"

"வரும்."

என்கொயரி லேப்பிலேயே நடந்தது. அதிகாரியம்மா ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசவில்லை. ரவிக்குமார், மேஸ்திரி, பக்ருதீன், பின்னால் ஜன்னலோரம் ரேச்சல். சில்வியா அவளைப் பார்த்தாள். ரேச்சல் தன் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி முதலில் நாற்பத்தொன்றாம் பாட்டிலைக் கேட்டார். அன்றைக்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று சொல்லி ரவிக்குமார் எடுத்துக் கொடுத்தார். அதிகாரி தான் கொண்டுவந்த ஆக்ஸாலிக் அமிலத்தை எடை போட்டுக் கரைத்து, அதை வைத்து அந்தக் காரத்தின் வீரியத்தைச் சரிபார்த்தார். "சின்னக் காரம்தான். மிகச் சரியாக இருக்கிறது" என்று சொல்லி எழுதிக்கொண்டார். சில்வியாவுக்கு நிம்மதியாக இருந்தது. காரம் சரியாக இருந்தால் அவள் கணக்கும் சரியாகத்தானே இருக்கும்.

பாதுகாப்பு அறையிலிருந்து மாதிரிப் பாட்டில் வந்தது. அரக்கு உடையாமல் இருப்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டு உடைத்தார்கள். சில்வியா பத்து மில்லி எடுத்தாள். மெத்தில் ஆரஞ்சு. சிவப்பு. திருகைத் திறந்தாள்.

ஐந்து மில்லி போனது. எட்டு. அவள் சொட்டின் வேகத்தைக் குறைத்தாள். ஒன்பது. ஒன்பது புள்ளி இரண்டு. குடுவையைச் சுழற்றினாள். சிவப்பு.

பத்து. பன்னிரண்டு. சிவப்பு கொஞ்சமும் வெளுக்கவில்லை. ரவிக்குமார் நாற்காலியில் சாய்ந்து உட்காரும் ஓசை கேட்டது. இருபது. முப்பது. சில்வியாவின் கழுத்தில் வியர்வை வழிந்து சுடிதாருக்குள் இறங்கியது. அவளே கேட்டு வாங்கிய சோதனை, எல்லோர் கண் முன்னாலும் அவளைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தது. ஐம்பது மில்லிக் குழாய் முழுவதும் காலியானது. குடுவை இன்னும் சிவந்துதான் இருந்தது.

"போதும்னு நினைக்கிறேன் மேடம்" என்றார் ரவிக்குமார்.

"முடியட்டும்" என்றார் அதிகாரி.

சில்வியா குழாயை மறுபடி நிரப்பினாள். வல்லரசின் கால் நினைவுக்கு வந்தது. என் கைதானா, தூக்க மாத்திரைதானா, ரேச்சல் எழுதியது உண்மைதானா என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் தன்னையே நம்பாமல் போனாள். அறுபது. எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூறு தாண்டியதும் சொட்டு விழுந்த இடத்தில் மஞ்சள் தெரிந்து மறைந்தது. இன்னும் ஒரு சொட்டு. இன்னும் ஒன்று. மொத்தக் குடுவையும் மஞ்சளானது.

குழாயைப் பார்த்தாள். இரண்டாவது நிரப்பில் நாற்பத்திரண்டு. முதல் ஐம்பதையும் சேர்த்தால் தொண்ணூற்றிரண்டு.

அன்று 9.2. இன்று 92.

திருகை மூடிய கையை அவள் எடுக்கவில்லை. கை தவறினால் அரை மில்லி தவறும். கண் தவறினால் ஒரு மில்லி தவறும். பத்து மடங்கு, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் பத்து மடங்கு, யார் கையும் தவறாது. அன்றைக்கு இந்தப் பாட்டிலில் இருந்தது சின்னக் காரமே இல்லை. பெரிய காரத்தை ஊற்றிச் சின்னதன் நம்பரை ஒட்டி அவள் மேசையில் வைத்திருக்கிறார்கள். ஆசிட் அதிகம் இருந்தும் கொஞ்சத்திலேயே முறிந்து ஒன்பதில் நின்றிருக்கிறது. பிறகு யாருக்கும் தெரியாமல் பாட்டிலைக் கழுவிச் சரியானதை ஊற்றியிருக்கிறார்கள்.

அவள் திரும்பி ரேச்சலைப் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் மஞ்சள் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேச்சல் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில்வியா அதிகாரியிடம் அதைச் சொன்னாள். குரல் தாழ்ந்து, சொந்தக்காரர் சாவைச் சொல்வதுபோலச் சொன்னாள். ரவிக்குமார் உடனே முன்னால் வந்தார்.

"அப்படின்னா இவங்கதான் பாட்டில் மாத்தி எடுத்திருக்காங்க மேடம். பெரிய காரத்தைத் தெரியாம எடுத்திருக்காங்க. கவனக்குறைவுன்னுதானே நாங்களும் சொல்றோம்."

அதிகாரி ரேச்சலைக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ரேச்சல் எழுந்து நின்றாள். "இருக்கலாம் மேடம். அன்னிக்கு அவ சரியா இல்ல. மாத்தி எடுத்திருப்பா."

சில்வியாவுக்கு எதிரே நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்.

பக்ருதீன் மெமோவோடு வந்த நகலைப் பிரித்தார். படித்துப் பழக்கமில்லாத மனிதர். விரலை வைத்து வரி தேடினார்.

"பெரிய காரம் கீற அலமாரி அன்னிக்குத் தொறக்கவே இல்லேன்னு நீதானேம்மா எழுதிக் குடுத்துக்கீற? சாவியும் உன்னாண்டதான் கீது. தொறக்காத அலமாரிலேந்து இந்தப் பொண்ணு எப்படி மாத்தி எடுத்துச்சு?"

ரேச்சல் ரவிக்குமாரைப் பார்த்தாள். அவர் தன் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேச்சல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சார்தான் சொன்னாரு" என்றாள். "ரெண்டாவது அலசலோட நிறுத்திட்டோம், மூணாவதுக்கு டைம் இல்ல, அந்தம்மாவக் கேட்டா வுடாது, நீ பாட்டில மட்டும் மாத்தி வைன்னாரு. பர்மனென்ட் பண்றேன்னாரு."

"நான் அப்படி எதுவும் சொல்லலை" என்றார் ரவிக்குமார். "இவங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி நானே எழுதறேன்."

என்கொயரி முடிய மூன்று மணியானது. கேட் பக்கம் ரேச்சல் காத்திருந்தாள். சில்வியா நிற்காமல் நடந்தாள். ரேச்சல் கூடவே வந்தாள்.

"உன்னாண்ட கேட்டா ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்டீ."

"அதான் நீ கேக்கல."

"எல்லாருக்கும் கம்பூட் கீதே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். சத்தியமா. அவன் பூட்டு கியிஞ்சிருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அதுக்குத்தான் பத்து மில்லின்னு வச்சிக்கீறாங்க. பூட்டு கியிஞ்சாலும் கால் கியியாம இருக்க."

லாரிகள் வரிசையாகப் போயின. இருவரும் சாலையோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"மாத்திரை விஷயம் எதுக்கு எழுதுனே?"

"அதுவும் அவர்தான் எழுதச் சொன்னாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

சில்வியா காத்திருந்தாள். ஒரு லாரி, இரண்டு லாரி, ஒரு டேங்கர் போயிற்று. அதற்குப் பிறகும் பதில் வரவில்லை. ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சில்வியா ஏறிக்கொண்டாள். வழக்கமாக ரேச்சல் உட்காரும் இடத்தில் காய்கறிக் கூடையோடு யாரோ உட்கார்ந்தார்கள்.

ரேச்சலை வேலையை விட்டு எடுத்தார்கள். ரவிக்குமாரை வேறு ஊரில் இருக்கும் கிளைக்கு மாற்றினார்கள்; போகும்போது மாலை போட்டு வழியனுப்பியதாகக் கேள்வி. சில்வியாவின் மேல் இருந்த குற்றச்சாட்டை நீக்கி இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்ற சொல் அதில் இல்லை.

அவள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்குப் போனாள். வல்லரசுக்குத் தொடையிலிருந்து தோலெடுத்துக் காலில் ஒட்டியிருந்தார்கள். சுண்டு விரலும் அதற்கடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டான்.

மங்கம்மா கதவோரம் நின்றிருந்தாள். "அவ மாத்துனாளோ எவ மாத்துனாளோ. எறங்குன்னு சொன்னது உன் வாயிதானே யம்மா?"

"வுடு மங்கா" என்றான் வல்லரசு. சில்வியாவைப் பார்த்து, "உன் மேல கோவம் இல்ல யக்கா. நீ சொன்னா சரியா இருக்கும்னு எறங்கிட்டேன், அவ்ளோதான்" என்றான்.

அதே சொற்களைத்தான் தானும் ரேச்சலிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று சில்வியாவுக்குப் பட்டது. கேட் பக்கம் நின்று தேடியும் கிடைக்காத வார்த்தைகள் அவை. கால் வெந்துபோய்க் கிடக்கிறவன் கோபமில்லாமல் சொல்லிவிட்டான். அவளால் கோபமில்லாமல் நினைக்கக்கூட முடியவில்லை.

மழை முடிந்து இரண்டாம் தொட்டியின் முறை வந்தது. சில்வியா இப்போதெல்லாம் காரத்தைத் தானே கரைத்து, தானே எடை பார்த்து, காலையில் ஒருமுறையும் சோதனைக்கு முன் ஒருமுறையும் வீரியத்தைச் சரிபார்த்தாள். மூன்று அலசலுக்கும் பக்கத்தில் நின்றாள். ஆறு மில்லி வந்தது. தொட்டி ஓரத்துக்குப் போய், "எறங்கலாம்" என்றாள்.

நான்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அந்தக் குப்பத்துப் பக்கத்தவர்கள்தான். யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஆறுதான் கீது" என்றாள்.

"அன்னிக்கும் ஒம்பதுன்னுதானே சொன்னே?" என்றான் அதில் பெரியவன். சண்டைக்கு வரும் குரல் இல்லை அது. கேட்க வேண்டியதைக் கேட்டான்.

என் தப்பில்லை என்று தீர்ப்பாகிவிட்டதே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளை நம்பியது என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியும்போது, மாதத்தில் ஒருநாள் பார்க்கும் இவர்களை எந்த முகத்தோடு நம்பச் சொல்வது?

அவள் செருப்பைக் கழற்றினாள். சுடிதார் காலை முட்டிவரை சுருட்டினாள். ஓரத்தில் கிடந்த கம்பூட் ஜோடியை எடுத்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, மறுபடி கீழேயே வைத்துவிட்டாள். வெறுங்காலோடு ஏணியைப் பிடித்துத் திரும்பி இறங்கத் தொடங்கினாள். மேஸ்திரி ஓடிவந்து, "மேடம், மேடம், இன்னா பண்றீங்க?" என்றார்.

சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது. குளிர்ச்சியாக இருந்தது. இரும்பு வாடை மூக்கில் ஏறியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. கால் மணி நேரம் நின்றாள், அதற்கு மேலும் நின்றாள். லேசாக அரித்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஏறி வந்து குழாயடியில் காலைக் கழுவி, விரல்களை அகட்டி அவர்களுக்குக் காட்டினாள். பெரியவன் குனிந்து பார்த்தான். பீடியைத் தேய்த்து அணைத்தான். ஒரு ஜோடி கம்பூட்டை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான், பிறகு மாட்டிக்கொண்டான். மற்ற மூவரும் எழுந்தார்கள்.

ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, மேஸ்திரி நீட்டிய பர்மிட்டை வாங்கிச் சில்வியா அப்போதுதான் கையெழுத்துப் போட்டாள்.